சம்பளத்தோடு சைடு பிசினஸும் இருந்தால் வருமான வரி எப்படி?

மாதச் சம்பளக்காரருக்கு வருமான வரி பெரும்பாலும் தானாகவே நடந்து முடிந்துவிடும். நிறுவனம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடிக்கும், ஜூனில் அதற்கான சான்றிதழான படிவம் 16 வரும், ஐடிஆர்-1 என்ற ரிட்டன் படிவத்தை நிரப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. வார இறுதியில் கேக் விற்பது, இன்ஸ்டாகிராமில் சேலை வியாபாரம், மாலை டியூஷன், வெளி நிறுவனத்துக்குக் கோடிங் என்று இரண்டாவது வரவு ஒன்று தொடங்கிவிட்டால் இந்த வசதி போய்விடும். நிரப்ப வேண்டிய படிவம் மாறும். வரி கட்ட வேண்டிய தேதிகள் மாறும். பழைய வரி முறை, புதிய வரி முறை என்று வருடாவருடம் மாறிக்கொள்ளும் உரிமையும் இருக்காது. இது எதையும் யாரும் உங்களுக்குத் தபால் போட்டுச் சொல்வதில்லை.

இங்கே உள்ள விகிதங்களும் பிரிவு எண்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை சம்பாதித்த பணத்துக்கு. அந்த ஆண்டுக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்திருப்பதால், அதன் பிறகு சம்பாதிக்கும் பணத்துக்குப் பிரிவு எண்கள் வேறு. உதாரணமாக, கீழே வரும் 44ஏடி, 44ஏடிஏ இரண்டும் புதிய சட்டத்தில் 58-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன.

சம்பளத்துக்கு மேலே ஏறும் லாபம்

சைடு பிசினஸுக்கென்று தனி வரி விகிதம் கிடையாது. லாபம் உங்கள் சம்பளத்தின் மேல் போய் உட்காரும். கீழ்ப்படிகளில் உள்ள 0, 5, 10 சதவிகித இடங்களையெல்லாம் சம்பளமே நிரப்பிவிட்டிருக்கும். எனவே பிசினஸ் லாபத்தின் முதல் ரூபாயே உங்கள் உச்ச விகிதத்தில்தான் ஆரம்பிக்கும்.

புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%, அதற்கு மேல் 30%. வரித் தொகையின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4% உண்டு. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின்படி வரி முழுவதும் தள்ளுபடி. சம்பளத்தில் 75,000 நிலையான கழிவு கிடைப்பதால், 12,75,000 சம்பளம் வரை வரி பூஜ்யம்.

இந்த 12 லட்சம் எல்லையில் நிற்பவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சம்பளம் சரியாக 12,75,000 என்று வையுங்கள். வரி இல்லை. அதே ஆண்டில் டியூஷனில் 70,000 லாபம் வருகிறது. மொத்த வருமானம் 12,70,000. படிக்கணக்கில் வரி 60,000 கூட்டல் 10,500, ஆக 70,500. எல்லையைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாக இருக்கக்கூடாது என்ற விளிம்புநிலை நிவாரணத்தால் அது 70,000 ஆகக் குறையும். செஸ் 2,800 சேர்த்தால் 72,800. சம்பாதித்தது 70,000, கட்டுவது 72,800. ஏறத்தாழ 12,70,600 வருமானத்தைத் தாண்டிய பிறகுதான் கூடுதலாக வரும் ரூபாய்க்கு வழக்கமான 15% கணக்கு தொடங்கும்.

இதற்காகத் தொழிலையே விட்டுவிட வேண்டியதில்லை. சட்டப்படி வருமானத்தைக் குறைக்க இடமிருக்கிறது. பிசினஸ் செலவுகளை ஒழுங்காகக் கணக்கில் எடுங்கள். நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பணம் போடும் ஏற்பாடு இருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை புதிய முறையிலும் கழியும். 80சி (பிபிஎஃப், இன்சூரன்ஸ் போன்ற சேமிப்புக்கான கழிவு), வீட்டு வாடகைப்படி போன்றவை புதிய முறையில் இல்லை. ஆனால் பிசினஸ் செலவுகளுக்கு இரண்டு முறைகளிலும் கழிவு உண்டு. பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில், இது என்ன வகை வருமானம்?

வெளியிலிருந்து வரும் பணம் எல்லாமே பிசினஸ் வருமானம் அல்ல. இரண்டாவது நிறுவனம் உங்களைப் பகுதிநேர ஊழியராக வைத்து, பிஎஃப் பிடித்து, படிவம் 16 கொடுத்தால் அதுவும் சம்பளம்தான். அங்கே ஒரு சிக்கல் உண்டு. இரு நிறுவனங்களும் தனித்தனியே 75,000 கழிவையும் அடிப்படை விலக்கையும் (வரியே இல்லாத முதல் படி) கொடுத்து டிடிஎஸ் கணக்கிட்டிருக்கும். உங்களுக்கு அவை ஒருமுறைதான் உண்டு. ஜூலையில் ரிட்டன் போடும்போது பெரிய தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

எப்போதோ ஒருமுறை எழுதிய கட்டுரைக்குச் சன்மானம் வந்தால் அது 'இதர வருமானம்'. ரிட்டனும் ஐடிஆர்-1-லேயே முடிந்துவிடலாம். லாப நோக்கில் தொடர்ந்து செய்தால் அது பிசினஸ் அல்லது தொழில்முறை வருமானம். ஐடிஆர்-1, ஐடிஆர்-2 இரண்டும் உதவாது. ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 போட வேண்டும்.

பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வர்த்தகம்) செய்பவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். அது மூலதன ஆதாயம் அல்ல, பிசினஸ் வருமானம். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே பங்கு வர்த்தகம் ஊக வணிகம் என்ற தனி வகை. மொபைலில் பொழுதுபோக்காகச் செய்தேன் என்றாலும் வகை மாறாது.

வேலை பார்க்கும் இடத்து விதியையும் தொடங்கும் முன்பே பாருங்கள். அரசு ஊழியர்கள் என்றால் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன்படி முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. தனியார் நிறுவனங்களில் நியமன ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு ஷரத்து இருக்கும். வரித் துறைக்கு அந்த ஷரத்தைப் பற்றிக் கவலை இல்லை. அனுமதி இல்லாமல் சம்பாதித்த பணத்துக்கும் வரி உண்டு.

இதிலிருந்து தப்பிக்க மனைவி பெயரில் நடத்துவதாகக் காட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். வேலையை உண்மையிலேயே அவர் செய்து, முதலும் அவருடையதாக இருந்தால் அது அவருடைய வருமானம், தாராளமாகக் காட்டலாம். முதல் நீங்கள் கொடுத்தது என்றால், 64-ஆம் பிரிவின்படி அந்த முதலின் பங்குக்கு உரிய லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

பிரிசம்ப்டிவ் முறை: யாருக்குப் பொருந்தும்?

சின்ன அளவில் செய்பவர்கள் முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல், வரவில் ஒரு சதவிகிதத்தை லாபமாகக் காட்டச் சட்டம் அனுமதிக்கிறது. இதில் இரண்டு பிரிவுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

44ஏடிஏ குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டிடக் கலை, அக்கவுன்டன்சி, தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவற்றோடு, அரசு அறிவித்த தகவல் தொழில்நுட்பம், கம்பெனி செக்ரட்டரி, திரைக்கலைஞர் போன்றவையும் உண்டு. வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது 5 சதவிகிதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை போகலாம். வரவில் குறைந்தது 50 சதவிகிதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். வெளி நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவருக்கு இது பொருந்தும். சினிமாவுக்குப் பாட்டு எழுதுபவருக்கும் பொருந்தும். கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவருக்கும் டியூஷன் எடுப்பவருக்கும் பொருந்தாது. அந்தத் தொழில்கள் பட்டியலில் இல்லை. 'ஃப்ரீலான்ஸ் என்றால் பாதிக்குத்தான் வரி' என்று யூடியூபில் கேட்டுவிட்டு எல்லாரும் இதைப் போடுவது தவறு.

44ஏடி வியாபாரங்களுக்கு. விற்பனை 2 கோடிக்குள், ரொக்க வரவு 5 சதவிகிதத்துக்குள் என்றால் 3 கோடிக்குள். வங்கி, யூபிஐ வழியாக வந்த விற்பனையில் 6%, ரொக்க விற்பனையில் 8% என்பது குறைந்தபட்ச லாபம். கமிஷன், புரோக்கரேஜ், ஏஜென்சி வருமானத்துக்கு 44ஏடி கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜென்ட், மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், லிங்க் போட்டு அஃபிலியேட் கமிஷன் வாங்குபவர் எல்லாரும் ஐடிஆர்-3-இல் உண்மையான வரவு செலவைக் காட்ட வேண்டியவர்களே.

வீட்டில் கேக் செய்து விற்கும் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு விற்பனை 6,00,000. அதில் யூபிஐ 5,20,000, ரொக்கம் 80,000. 44ஏடி-யின்படி குறைந்தபட்ச லாபம் 31,200 கூட்டல் 6,400, ஆக 37,600. அவருடைய உண்மைச் செலவு இது: மைதா, வெண்ணெய், கிரீம், சாக்லேட் 2,70,000. பெட்டியும் ரிப்பனும் 45,000. டெலிவரி 50,000. கேஸ், கரண்ட் 30,000. போன், இன்டர்நெட்டில் தொழிலுக்கான பங்கு 9,000. நாற்பதாயிரம் ரூபாய் ஓவனுக்குத் தேய்மானம் (சாதன விலையில் ஆண்டுதோறும் செலவாக எழுதும் பங்கு) 15%, அதாவது 6,000. மொத்தம் 4,10,000. உண்மையான லாபம் 1,90,000.

இவர் காட்ட வேண்டியது 1,90,000. 6%, 8% என்பது கீழ் வரம்பு மட்டுமே. கையில் அதிகம் நின்றால் அதைத்தான் காட்ட வேண்டும். பிரிசம்ப்டிவ் முறையின் உண்மையான பலன், வவுச்சர் வாரியாகக் கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம் என்பதே. வங்கிக் கணக்கில் லட்சங்கள் நிற்க, ரிட்டனில் 37,600 மட்டும் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அதே ரிட்டனை வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் கடனும் கிடைக்காது, விளக்கமும் சொல்ல முடியாது.

ஆடிட் பொறி

லாபம் குறைந்தபட்ச சதவிகிதத்தையும் எட்டவில்லை என்றால்? முழுநேர ஊழியர்கள் விழுகிற பள்ளம் இங்கேதான் இருக்கிறது. 44ஏடிஏ-வில் 50 சதவிகிதத்துக்குக் குறைவாகக் காட்டி, மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், கணக்குப் புத்தகம் வைத்து சார்ட்டர்ட் அக்கவுன்டன்டிடம் ஆடிட் செய்ய வேண்டும். உங்களுக்குச் சம்பளமே அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். எனவே 3 லட்சம் ஃப்ரீலான்ஸ் வரவில் 40% லாபம் காட்ட நினைத்தாலும் ஆடிட் வந்துவிடும். ஆடிட்டர் கட்டணத்தையும் மிச்சமாகும் வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னத் தொகைக்குப் பெரும்பாலும் 50% காட்டிவிடுவதே மலிவு.

44ஏடி-யில் பொறி வேறு மாதிரி. ஒருமுறை இந்த முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளும் அதிலேயே தொடர வேண்டும். நடுவில் லாபம் குறைந்தது என்று வெளியேறினால், அதற்கடுத்த ஐந்து ஆண்டுகள் இந்த முறைக்குத் திரும்பி வர முடியாது. வெளியேறிய ஆண்டுகளில் மொத்த வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட்டும் கட்டாயம். ஆகவே மார்ஜின் குறைவான வியாபாரம், முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் நஷ்டம் வரும் என்று தெரிந்தால், 44ஏடி பக்கமே போகாமல் ஆரம்பத்திலிருந்தே கணக்கு எழுதி ஐடிஆர்-3 போடுங்கள். 44ஏடி-யை ஒருமுறையும் எடுக்காதவர், விற்பனை ஒரு கோடிக்குள் இருக்கும்வரை ஆடிட் இல்லாமலே உண்மையான லாபத்தைக் காட்டலாம்.

கணக்கு எழுதுவது

எந்த முறையானாலும் முதல் நாளே தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். கரன்ட் அக்கவுன்ட்தான் வேண்டும் என்பதில்லை, தனி சேமிப்புக் கணக்கே ஆரம்பத்துக்குப் போதும். யூபிஐ கியூஆர் அட்டை அந்தக் கணக்கோடு இணைந்திருக்கட்டும். சம்பளக் கணக்கிலேயே எல்லாம் வந்து விழுந்தால், மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்று எது, வாடிக்கையாளர் கொடுத்த அட்வான்ஸ் எது என்று மார்ச்சில் பிரிக்கவே முடியாது. விசாரணை என்று வந்தால் அதிகாரி முதலில் கேட்பது வங்கி ஸ்டேட்மென்ட். விளக்கம் சொல்ல முடியாத ஒவ்வொரு வரவும் வருமானமாகப் பார்க்கப்படும்.

தேதி, யார், எதற்கு, தொகை, எப்படிக் கொடுத்தது என்ற ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு எக்செல் தாள் போதும். பில்லை போனில் படம் எடுத்து மாதவாரியாக ஃபோல்டரில் போடுங்கள். அச்சு மங்கும் தெர்மல் பில்லை அன்றே படம் எடுப்பது அவசியம், ஆறு மாதத்தில் அது வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக இருக்க வேண்டும். வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவான இன்டர்நெட், கரண்ட், வண்டி பெட்ரோல் போன்றவற்றில் நியாயமான பங்கை மட்டும் எடுங்கள். அந்தப் பங்கை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று அதே தாளில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழிவாக ஏற்கப்படாது. சாதனம் வாங்கும்போதும் இதே 10,000 வரம்புதான். தாண்டினால் அந்தத் தொகைக்குத் தேய்மானமும் கிடைக்காது.

லேப்டாப், ஓவன், கேமரா போன்றவற்றின் விலையை ஒரே ஆண்டில் செலவாக எழுத முடியாது, தேய்மானமாகத்தான் எடுக்கலாம். கம்ப்யூட்டருக்கு 40%, இயந்திரங்களுக்குப் பொதுவாக 15%, மேசை நாற்காலிக்கு 10%. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். 60,000 ரூபாய் லேப்டாப்பை செப்டம்பரில் வாங்கிப் பயன்படுத்தினால் 24,000 தேய்மானம், அக்டோபர் 10-ஆம் தேதி வாங்கினால் 12,000. தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். பிரிசம்ப்டிவ் முறையில் போகிறவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. அந்தச் சதவிகிதத்துக்குள் தேய்மானமும் அடக்கம்.

டிடிஎஸ், அட்வான்ஸ் டாக்ஸ்

உங்களுக்குப் பணம் தரும் நிறுவனம் தொழில்முறைக் கட்டணத்தில் 10% பிடிக்கும், ஆண்டுக்கு 50,000 தாண்டினால். தொழில்நுட்பச் சேவை என்றால் 2%. கமிஷனுக்கு 20,000 தாண்டினால் 2%. ஆன்லைன் சந்தைத் தளங்கள் விற்பனையில் 0.1% பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் விகிதம் பல மடங்கு ஏறும். பிராண்டுகள் ரீல்ஸ் போடச் சொல்லி இலவசமாகக் கொடுக்கும் பொருளும் வருமானம்தான். ஆண்டுக்கு 20,000 மதிப்பைத் தாண்டினால் 194ஆர் பிரிவில் 10% டிடிஎஸ் உண்டு.

டிடிஎஸ் பிடித்தாயிற்று, வரி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் முன்பணம். சில சமயம் அது அதிகமாகவும் இருக்கும். 11 லட்சம் சம்பளம் வாங்கும் சாஃப்ட்வேர் ஊழியர் வெளியில் 4 லட்சம் ஃப்ரீலான்ஸ் செய்கிறார், 44ஏடிஏ-வில் 2 லட்சம் லாபம் காட்டுகிறார். சம்பளம் கழிவு போக 10,25,000, மொத்தம் 12,25,000. விளிம்புநிலை நிவாரணத்தால் வரி 25,000, செஸ்ஸோடு 26,000. வாடிக்கையாளர் நிறுவனம் பிடித்தது 40,000. அவருக்கு 14,000 ரீஃபண்ட்.

டிடிஎஸ் போக மீதி வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிதியாண்டுக்குள்ளேயே அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் 100%. பிரிசம்ப்டிவ் முறையில் இருப்பவர்களுக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் முழுவதையும் கட்டினால் போதும்.

மேலே சொன்ன கேக் வியாபாரிக்குச் சம்பளம் 18 லட்சம் என்று வையுங்கள். சம்பளத்துக்கான வரி 1,50,800-ஐ நிறுவனம் பிடித்துவிட்டது. 1,90,000 லாபம் முழுவதும் 20% படியில் விழுவதால் கூடுதல் வரி செஸ்ஸோடு 39,520. கேக் வாங்குபவர்கள் யாரும் டிடிஎஸ் பிடிப்பதில்லை. இதை மார்ச் 15-க்குள் கட்டாமல் ஜூலையில் ரிட்டன் போடும்போது கட்டினால், 234சி பிரிவில் 395, 234பி பிரிவில் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 1,580, ஆக 1,975 ரூபாய் வட்டி.

இந்தத் தேதிகளை நினைவில் வைப்பது கஷ்டம் என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்திடம் படிவம் 12பிஏஏ கொடுத்து வெளி வருமானத்தைச் சொல்லிவிட்டால், சம்பளத்திலேயே சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். நிறுவனத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுவதற்கு வருமான வரி இணையதளத்தில் இ-பே டாக்ஸ் பகுதிக்குப் போங்கள். நிதியாண்டுக்குள் கட்டுவது அட்வான்ஸ் டாக்ஸ், குறியீடு 100. ஆண்டு முடிந்த பிறகு கட்டுவது சுய மதிப்பீட்டு வரி, குறியீடு 300. 2025-26-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு (அந்த வருமானத்துக்கு ரிட்டன் போடும் அடுத்த ஆண்டு) 2026-27. புதிய சட்டத்தில் 'வரி ஆண்டு 2026-27' என்று ஒன்று இருக்கிறது, அது 2026 ஏப்ரலுக்குப் பிறகு சம்பாதிக்கும் பணத்துக்கு. எண் ஒன்றாக இருப்பதால் மாற்றிக் கட்டிவிட வாய்ப்பு அதிகம். அப்படிக் கட்டினால் பணம் வேறு ஆண்டில் போய் நிற்கும், இந்த ஆண்டுக்கு நோட்டீஸ் வரும்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு

வீட்டுக் கடன், வாடகைப்படி, 80சி எல்லாம் இருப்பதால் பழைய முறையே லாபம் என்று நிறுவனத்திடம் சொல்லி, அதன்படி டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். பிசினஸ் வருமானம் இல்லாதவர் ரிட்டனிலேயே ஒரு டிக் போட்டுப் பழைய முறையை எடுக்கலாம். பிசினஸ் வருமானம் வந்துவிட்டால் அது போதாது. ரிட்டனுக்கான கெடு தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கணக்கு புதிய முறைக்குப் போய்விடும், பழைய முறையில் எதிர்பார்த்த கழிவுகள் எல்லாம் அந்த ஆண்டுக்குக் கிடைக்காது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 10-ஐஇஏ போட்டுப் பழைய முறைக்குப் போனவர் பின்னர் புதிய முறைக்குத் திரும்பினால், பிசினஸ் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. வெறும் 20,000 ரூபாய் எஃப் அண்ட் ஓ லாபத்துக்கும் இதே விதிதான். வீட்டுக் கடன் இன்னும் பத்து ஆண்டுகள் ஓட வேண்டியிருக்கிறது என்பவர்கள், ஒரு ஆண்டின் சின்ன லாபத்தைப் பார்த்து முறையை மாற்றிவிடக் கூடாது.

நஷ்டம் வந்தால்

பிசினஸ் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. எஃப் அண்ட் ஓ-வில் 3 லட்சம் போய்விட்டது, சம்பள டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்கலாம் என்று எண்ணுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வீட்டு வாடகை, வங்கி வட்டி போன்ற வருமானம் இருந்தால் அதில் கழிக்கலாம். மீதியை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று பிற்கால பிசினஸ் லாபத்தில் கழிக்கலாம். இன்ட்ராடே நஷ்டம் என்றால் நான்கு ஆண்டுகள், அதுவும் ஊக வணிக லாபத்தில் மட்டும். கெடு தேதிக்குள் ரிட்டன் போட்டால்தான் இந்த உரிமை. அதனால் நஷ்டம் வந்த ஆண்டில் ரிட்டனைத் தள்ளிப் போடவே கூடாது.

ஜிஎஸ்டி எப்போது?

இது தனிச் சட்டம், வருமான வரியோடு குழப்ப வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை, சேவை என்றால் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. உங்கள் சம்பளம் இந்தத் தொகையில் சேராது.

இன்ஸ்டாகிராமில் சேலை விற்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு ஒரு சேலை விற்று அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய பொருள் விற்பனை. அதற்கு 40 லட்சம் வரம்பு பொருந்தாது, முதல் விற்பனையிலிருந்தே பதிவு வேண்டும். அரசு அறிவித்த கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. சேவை விஷயத்தில் அப்படி இல்லை. வெளிமாநில வாடிக்கையாளருக்கு டிசைன் செய்து கொடுத்தாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் பொருள் விற்கப் பதிவு கட்டாயம். மாநிலத்துக்குள் மட்டும், வரம்புக்குக் கீழே விற்பவர்கள் 2023 அக்டோபர் முதல் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். உணவுப் பொருள் என்றால் ஜிஎஸ்டி இல்லாவிட்டாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும்.

ரிட்டன் நிரப்பும்போது

முதலில் வருமான வரி இணையதளத்திலிருந்து 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (துறைக்குத் தெரிந்த உங்கள் வரவுகளின் ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். 26ஏஎஸ்-இல் உங்கள் பெயரில் காட்டப்பட்ட வரவு 4,20,000 என்றிருக்க, நீங்கள் ரிட்டனில் 4,00,000 காட்டினால் கணினியே பிடித்துக்கொள்ளும். டிடிஎஸ்ஸுக்கு உரிமை கோரிவிட்டு வருமானத்தைக் காட்டாததுதான் நோட்டீஸ் வருவதற்கு மிகப் பெரிய காரணம். மார்ச் மாத பில்லுக்கான பணம் ஏப்ரலில் வரும்போது இந்த வித்தியாசம் அடிக்கடி எழும். வாடிக்கையாளர் எந்த ஆண்டில் காட்டியிருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிசம்ப்டிவ் முறை, மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-4. ஆனால் நீங்கள் ஏதாவது கம்பெனியில் டைரக்டராக இருந்தாலோ, வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகள் ஆர்எஸ்யூ-வாக (ஊழியருக்கு நிறுவனம் தரும் பங்கு) வந்திருந்தாலோ ஐடிஆர்-4 கூடாது, ஐடிஆர்-3 தான். சென்னை ஓஎம்ஆர் சாலை ஐடி நிறுவனங்களில் வேலை பார்க்கும் பலருக்கு இது பொருந்தும், பலர் கவனிப்பதில்லை. யூடியூப் வருமானத்தில் அமெரிக்காவில் வரி பிடிக்கப்பட்டு அதற்கு இங்கே கழிவு கேட்பவர்களும் ஐடிஆர்-3 போட்டு, கூடவே படிவம் 67 கொடுக்க வேண்டும்.

ஐடிஆர்-4-இல் பிசினஸ் பகுதி கேட்பது கொஞ்சம்தான்: தொழில் குறியீடு, வங்கி வழி வரவு, ரொக்க வரவு, காட்டும் லாபம். அதன் கீழே கடன் கொடுத்தவர்கள், நமக்கு வர வேண்டிய பாக்கி, கையில் உள்ள சரக்கு, ரொக்க இருப்பு என்று மார்ச் 31 நிலவரத்தைக் கேட்கும். ஆகவே மார்ச் 31 இரவு அலமாரியில் எத்தனை சேலை இருக்கிறது, யார் யார் பணம் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஜூலையில் யோசித்தால் நினைவுக்கு வராது. தொழில் குறியீடு நீங்கள் தேர்ந்தெடுத்த பிரிவோடு பொருந்த வேண்டும். சில்லறை விற்பனைக் குறியீட்டைப் போட்டுவிட்டு 44ஏடிஏ கேட்டால் முரண்பாடு தானாகத் தெரியும்.

ஜூலை 31-க்குள் முடித்துவிடுவது எல்லா வகையிலும் பாதுகாப்பு. கெடு தாண்டினால் 5,000 தாமதக் கட்டணம் உண்டு. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. சமர்ப்பித்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகச் சரிபார்க்க வேண்டும். கணக்குத் தாள், பில், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வைத்திருங்கள்.

முந்தைய ஆண்டுகளில் காட்டாமல் விட்டிருந்தால்

அதற்கும் வழி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை ஐடிஆர்-யூ என்ற புதுப்பித்த ரிட்டன் போடலாம். விட்டுப்போன வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல், முதல் 12 மாதத்துக்குள் என்றால் 25%, 24 மாதத்துக்குள் 50%, 36-க்குள் 60%, 48-க்குள் 70% கூடுதலாகக் கட்ட வேண்டும். தள்ளிப் போடப் போட விலை ஏறும், எனவே மிகப் பழைய ஆண்டு கைவிட்டுப் போகும் முன் அதிலிருந்து ஆரம்பியுங்கள். ரீஃபண்ட் கேட்பதற்கோ நஷ்டம் காட்டுவதற்கோ ஐடிஆர்-யூ பயன்படாது, விட்டுப்போன வருமானத்தைச் சேர்த்து வரி கட்ட மட்டுமே அது உதவும்.